ஊரும் காவலும்

2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலிருந்து எழுந்த அழுகுரலைத் தமிழகம் எளிதில் மறந்துவிடாது. மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள் கிடந்தன. தாயையும் தந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகளும் இருந்தனர்.

இக்கொடுமை காட்டுக்குள் நடந்ததன்று. நகரின் நடுவே, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தொலைவில் இருக்க நடந்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. ஆயினும், ஊரார் அனைவரும் அறிந்திருந்த ஒன்று காவலுக்கு மட்டும் எட்டாமற் போனது எப்படி? எட்டியிருந்தால், கை நீளாமற் போனது ஏன்? இவ்வினாக்கள் இன்றும் நம் முன் நிற்கின்றன. ஊருக்கும் காவலுக்கும் இடையே இருந்த உறவு எங்கே அறுந்தது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈடு கொடுத்த காவலன்

வெள்ளையர் ஆட்சிக்கு முன்னர்த் தமிழகத்துச் சிற்றூர்களில் காவல் என்பது ஊரின் உடைமையாகவே இருந்தது. ஓர் ஊரளவில் நின்றது படிக்காவல். பல ஊர்களை உள்ளடக்கியது தேசகாவல். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் காவல்காரனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு ஈடாக அவன் மேற்கொண்ட பொறுப்பு நம் சிந்தனைக்குரியது. களவு போன பொருளை அவன் மீட்டுத்தர வேண்டும். மீட்க இயலாவிடில், அதன் மதிப்பைத் தானே கொடுத்தாக வேண்டும். காவல் தவறினால் காவலன் ஈடு செய்வான் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

அம்முறையைக் குறையற்றதென்று நாம் போற்றவில்லை. பாளையக்காரர் கை ஓங்கிய இடங்களில் காவற்கூலி கட்டாயக் கப்பமாக மாறிற்று; கொடுக்காத ஊரில் காவலனின் ஆட்களே களவாடியதும் உண்டு. எனினும், குற்றம் நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் அக்காலத்து ஊராருக்கு ஐயம் இருந்ததில்லை.

முகலாயர் ஆட்சியில் நகரக் காவலுக்குக் கொத்தவால் பொறுப்பாயிருந்தார். அக்பர் பாதுஷாவின் ஆட்சிமுறையை விவரிக்கும் ஆயினே அக்பரி என்னும் நூல், கொத்தவால் வீடுகளைக் கணக்கெடுத்து, மஹல்லாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு தலைவரை அமர்த்தி, அங்குள்ளோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்குமாறு பிணைக்க வேண்டும் என்று வகுக்கின்றது. அங்காடியின் எடையும் விலையும்கூட அவர் பார்வையிலேயே இருந்தன. சென்னையின் கொத்தவால் சாவடி அப்பதவியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

கும்பினியார் இம்முறைகளைக் கலைத்தனர். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையே கிராமப் போலீஸின் தலைவராக்கித் தலையாரியை அவருக்குக் கீழே வைத்தது. தாசில்தாரிடம் வரி வாங்கும் கோலும் காவற்கோலும் ஒருங்கே சென்று சேர்ந்தன. அதன் விளைவைச் சித்திரவதை பற்றி ஆராய்ந்த சென்னை ஆணைக்குழு 1855இல் வெளிப்படுத்திற்று. வரிப்பாக்கிக்காக உழவர்கள் வெயிலில் குனிய வைக்கப்பட்டதும் அடிக்கப்பட்டதும் ஏட்டில் ஏறின. அதன் பின்னரே 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் பிறந்தது. சம்பளம் பெற்று, சீருடை அணிந்து, மேலதிகாரிக்குக் கட்டுப்பட்ட படை ஒன்று அமைந்தது.

இதனால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நேர்மையன்று. ஆனால், காவலன் பதில் சொல்ல வேண்டிய திசை அன்றே மாறிவிட்டது. ஊரை நோக்கியிருந்த முகம் மேலிடத்தை நோக்கித் திரும்பிற்று. ஊருக்கும் போலீஸுக்கும் இடையே இருந்த கடைசிக் கண்ணி பரம்பரைக் கிராம முன்சீப். 1980 நவம்பரில் அப்பதவியும் ஒழிந்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது நியாயமே. எனினும், அந்த இடைவெளியில் ஊராரின் குரலுக்கென வேறொன்று உடனே அமையவில்லை.

மலைமேல் வேறொரு நாடு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே வாழும் மலையாளி மக்கள் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ் மக்கள். காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் என்பது அவர்தம் மரபுரை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் ஜாகீர்தார்கள் அம்மலையைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டனர். வரி வாங்குவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்கள் உரிமையாயிருந்தன. குடிகள் கூலியின்றி ஊழியம் செய்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அம்மலையை அரசு நேராகத் தன் ஆளுகையில் கொண்டது.

இதிலிருந்து பெறும் பாடம் எளிது. உள்ளூர் அதிகாரம் என்பதனாலேயே அது நீதியாகிவிடாது. கேட்பாரற்ற காவல், மேலிருந்து வந்தாலும் பக்கத்திலிருந்து வந்தாலும் சுமையே.

அரசு வந்த பின்னரும் சாலையும் பள்ளியும் மருத்துவமும் மலையேறத் தாமதித்தன. பிழைப்பின்றிச் சிலர் கடுக்காயும் வெல்லமும் வேலம்பட்டையும் இட்டு ஊறல் போட்டனர். சிலர் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டனர். போலீஸார் மலையேறுவதென்றால் ஊறலைக் கொட்டி அழிக்கத்தான் என்றாயிற்று. மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கை முதன்முதலாகத் தொடங்கியது அந்தச் சேலத்தில்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: கருணாபுரத்தில் உயிர் குடித்தது மலையின் ஊறல் அன்று; ஆலைகளுக்குரிய மெத்தனால். அந்தப் பழியையும் மலைமக்கள் மேல் ஏற்றுவது அநீதி.

அப்படியாயின் காவலின் கடமை எது, எல்லை எது? இவ்வினாவுக்கு நம் முன்னோர் வரலாற்றில் விடை இருக்கிறது.

மதீனாவின் இரவுகள்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனா நகரைத் தாமே சுற்றிவந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். ஓரிரவு, பசியால் அழும் குழந்தைகளை ஆற்றுவதற்காக வெறும் நீரை அடுப்பிலேற்றியிருந்த தாயைக் கண்டார்கள். மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்துவந்து, உணவு சமைத்துக் கொடுத்தார்கள். காவல் என்பது கள்வனைப் பிடிப்பது மட்டுமன்று. பசித்தவனைக் கண்டறிவதும் காவலே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மற்றோரிரவு ஒரு வீட்டிலிருந்து பாட்டொலி கேட்கவே, மதிலேறி உள்ளே நோக்கினார்கள். அங்கே ஒருவன் மதுவுடன் இருந்தான். கலீஃபா கடிந்துரைத்தபோது அவன், "நான் செய்தது ஒரு பாவம், தாங்கள் செய்தவையோ மூன்று. பிறர் குற்றத்தைத் துருவாதீர் என்றான் இறைவன், தாங்கள் துருவினீர்கள். வாசல் வழியே வருக என்றான், தாங்கள் மதிலேறினீர்கள். அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் வீட்டில் நுழையாதீர் என்றான், தாங்கள் நுழைந்தீர்கள்" என்ற கருத்துப்பட விடையிறுத்தான். கலீஃபா அவன் திருந்துவதாகச் சொன்ன உறுதியைப் பெற்று அவனை விட்டு நீங்கினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதனை எடுத்தாள்கிறார்கள்.

நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் நம் மீது கடமை. அக்கடமைக்கு எல்லையும் உண்டு. வெளிப்படையான தீங்கைத் தடுக்கலாம். வீட்டுக்குள் ஒற்று பார்க்கலாகாது. ஆட்சித் தலைவரையே ஒரு குடிமகன் கேள்வி கேட்கலாம். அக்கேள்விக்கு அவர் தலைவணங்க வேண்டும்.

நண்பரும் தடியும்

அண்மைக் காலத்தில் ஊரையும் காவலையும் மீண்டும் இணைக்கும் முயற்சிகள் பல நடந்துள்ளன. ஜப்பானியத் தெருமுனைக் காவற்கூடங்களைப் பின்பற்றிச் சிங்கப்பூர் 1983இல் அக்கம்பக்கக் காவல் நிலையங்களைத் தொடங்கியது. தமிழகத்தில் 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் பிலிப் 'போலீஸ் நண்பர்கள் குழு'வைத் தோற்றுவித்தார். பின்னர் அது மாநிலமெங்கும் பரவிற்று. கேரளம் 2008இல் ஜனமைத்திரித் திட்டத்தை மேற்கொண்டது.

நோக்கம் நன்றாயினும் நடை பிறழ்ந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அந்நண்பர் குழுவினர் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. ஊராரின் குரலைக் காவலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்கள் காவலின் தடியை ஊராரிடம் கொண்டுவந்தனர் என்று மக்கள் ஐயுற்றபின் அவ்வமைப்பு எவ்வாறு நிலைக்கும்?

உறவு அறுந்தால் என்னாகும் என்பதையும் கள்ளக்குறிச்சி மாவட்டமே கண்டது. 2022 ஜூலை 17இல் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், பள்ளி மாணவியொருத்தியின் மரணத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. பேருந்துகளும் போலீஸ் வாகனங்களும் எரிந்தன. அதிகாரிகள் சொல்வதை மக்கள் நம்பாதபோது வதந்தி நாட்டாண்மை செய்கிறது.

நாம் செய்யத் தக்கது

மது நமக்கு ஹராம். ஆதலின் கருணாபுரம் நம் கவலையன்று என்று சொல்வோரும் நம்மிடையே உளர். இது நம் மார்க்கம் கற்பித்த எண்ணமன்று. அண்டை வீட்டான் முஸ்லிமா அல்லனா என்று பார்த்தா அவன் உரிமையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள்? நம் வீட்டு இளைஞர் அனைவரும் அத்தீமைக்கு அப்பாற்பட்டவர்கள் என்று நாம் துணிந்து சொல்லவும் முடியுமா?

நம் மஹல்லா ஜமாஅத்துகள் திருமணப் பதிவோடும் தெருச் சண்டைத் தீர்ப்போடும் நின்றுவிடலாகாது. தெருவில் நச்சுப் பொருள் விற்பது தெரிந்தால், தனியாள் ஒருவர் அஞ்சி அஞ்சிச் சொல்வதை ஜமாஅத்தின் பெயரால் எழுத்தில் கொடுக்கலாம். அக்கம்பக்கத்துப் பிற சமயத்தாரின் கையொப்பங்களையும் சேர்த்து, காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைக்கலாம். பதில் வராவிடில் அடுத்த மாதம் மீண்டும் கேட்கலாம். ஒப்புகைச் சீட்டு இருக்கும் வரை எவரும், எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பண்டைக் காவலனிடம் ஊரார் ஈடு கேட்டனர். இன்று நாம் கேட்கக்கூடிய ஈடு பதில்தான்.

அதே வேளையில் யாரையும் பிடிப்பதும் அடிப்பதும் நம் வேலையன்று. பிறர் வீட்டு மதிலேறுவதும் நம் வேலையன்று. குடித்துக் கெட்டவன் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. அவன் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பதும் நம் வேலை. பைத்துல்மால் இருக்கும் ஊரில் இதற்குப் பொருள் பெரிய தடையாகாது.

ரமலான் இரவுகளில் தப்ஸ் அடித்து நம்மை ஸஹருக்கு எழுப்பிச் செல்லும் பக்கீரை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் விளக்கெரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பதை அவர் அறிவார். எவர் வீட்டுக்குள்ளும் அவர் நுழைவதில்லை. வாசலில் நின்று குரல் கொடுப்பதோடு சரி. ஊரைக் காக்க விரும்புவோருக்கு அவர் நல்ல முன்மாதிரி. விழித்திருக்கும் உள்ளத்தையும், எல்லை மீறாத கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.