கருப்புத் திரையும் கரண்டு பில்லும்

பிளாக்கிள் என்ற தேடுதளம் யாருக்காவது நினைவிருக்கிறதா? உள்ளே கூகுள் தேடல்தான், ஆனால் பக்கம் முழுக்கக் கருப்பு. 2007ல் ஆபீஸ் ஆபீஸாக ஃபார்வர்டு மெயிலில் சுற்றியது. இதை முகப்புப் பக்கமாக வைத்தால் மின்சாரம் மிச்சம், பூமிக்கும் நல்லது என்ற ரீதியில் மெயில் வரும். இதுவரை எத்தனை வாட்-மணி மிச்சமாயிற்று என்று பக்கத்திலேயே ஒரு கணக்கும் இருக்கும்.

இன்றைக்கு எந்தச் செயலியைத் திறந்தாலும் டார்க் மோட் இருக்கிறது. "கரண்டு மிச்சம்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. உண்மையா? திரைக்குத் திரை பதில் மாறும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் கருப்புத் திரை யாருடைய விருப்பமும் அல்ல, இயந்திரத்தின் இயல்பு. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரில் பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து பாஸ்பர் பூச்சில் மோதும். மோதிய இடம் ஒளிரும், மோதாத இடம் இருட்டு. எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் ஒளிர வைத்தால் போதும். 1978ல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல், 1981ல் ஐபிஎம் பிசியோடு வந்த பச்சை எழுத்து மானிட்டர் எல்லாம் இந்த வம்சம்தான். நம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் எட்டிப் பார்த்தவர்களுக்கும் அந்தக் கருப்புத் திரை பழக்கம். முழுத் திரையையும் வெள்ளையாக ஒளிரவிட்டால் மினுக்கல் கண்ணை உறுத்தும் என்பதும் ஒரு காரணம். மின்சாரத்தைப் பற்றி அப்போது பேச்சே இல்லை.

இன்னொரு சுவாரசியம்: விடி100ன் அமைப்புப் பக்கத்திலேயே திரையைத் தலைகீழாக்கி, வெளிச்சப் பின்புலத்தில் கருப்பு எழுத்து வரவைக்கும் வசதி உண்டு. ஆக, இந்தச் சுவிட்சு நாம் நினைப்பதைவிடப் பழையது :-)

வெள்ளைத் திரையைக் கொண்டுவந்தது காகித ஆசை. 1973ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ஆல்டோ, திரையை ஒரு வெள்ளைத்தாளாகப் பாவித்தது. 1984ல் ஆப்பிள் மேக்கின்டாஷ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னால் விண்டோஸ், உலாவி, இணையதளங்கள் எல்லாம் அதே வழி. கூகுள் முகப்பு வெள்ளையாக இருப்பது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இப்போது 2007க்கு வருவோம். அந்த ஜனவரியில் ஈகோஅயர்ன் என்ற வலைப்பதிவில் ஒரு கணக்கு வந்தது. குழாய் மானிட்டரில் வெள்ளைப் பக்கம் 74 வாட், கருப்புப் பக்கம் 59 வாட். வித்தியாசம் 15 வாட். கூகுளில் ஒரு நாளைக்கு 20 கோடி தேடல், ஒவ்வொன்றும் 10 விநாடி திரையில் நிற்கிறது என்று வைத்தால், தினமும் சுமார் ஐந்தரை லட்சம் மணி நேரம். நம்ம கரண்டு பில் பாஷையில் சொன்னால் நாளுக்கு 8,300 யூனிட், வருஷத்துக்கு 30 லட்சம் யூனிட். உலகில் கால்வாசி மானிட்டர்தான் குழாய் வகை என்று குறைத்துக்கொண்டால் ஏழரை லட்சம் யூனிட். கூட்டல் பெருக்கலில் தப்பே இல்லை. அதே மாதம் சிட்னியைச் சேர்ந்த ஹீப் மீடியா நிறுவனம் பிளாக்கிளைத் தொடங்கிவிட்டது.

சிக்கல் அந்தக் "கால்வாசி"யில் இருந்தது. மீதி முக்கால்வாசி எல்சிடி. அதில் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் அதை விடும் அல்லது மறைக்கும். ஹாலில் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுவது மாதிரி. தெருவிலிருந்து பார்த்தால் வீடு இருட்டு, ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னும் வேடிக்கை, அப்போது பரவலாக இருந்த எல்சிடி வகையில் மின்னழுத்தம் கொடுக்காவிட்டால் வெளிச்சம் வரும். கருப்பு வேண்டுமென்றால்தான் மின்னழுத்தம் தர வேண்டும்! 2007 ஆகஸ்டில் கூகுளே தன் பதிவில், கருப்பாக்கினால் எல்சிடியில் செலவு கூடக்கூடும் என்று எழுதியது. 2008 மார்ச் 29 எர்த் ஹவர் அன்று சில நாடுகளில் தன் முகப்பைக் கருப்பாக்கியபோதும், இது விழிப்புணர்வுக்கு மட்டுமே, மின்சாரம் மிச்சமாகாது என்று சொல்லித்தான் செய்தது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரை மறுபடி மாறியது. 1987ல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் கரிமப் பொருளால் ஒளிரும் டையோடை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஓஎல்இடி. இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி விளக்கு. கருப்பு என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தம். 2010ல் சாம்சங் கேலக்ஸி எஸ், 2017ல் ஐபோன் எக்ஸ் என்று இது கைக்கு வந்தது. 2019ல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டிலும் டார்க் மோட் சேர்ந்தது. 2007ல் பொய்த்துப்போன கணக்குக்கு மறுபடி உயிர் வந்தது.

எவ்வளவு உயிர்? பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் ஓஎல்இடி போன்களில் அளந்தார்கள். வெளிச்சத்தை 100 சதவீதம் வைத்தால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சம். ஆனால் வீட்டுக்குள் இருக்கும்போது சாதாரணமாக வைக்கும் 30-50 சதவீத வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9 சதவீதம். விளக்கே மங்கலாக எரியும்போது அதை அணைத்து என்ன பெரிதாக மிஞ்சும்? போதாததற்கு, டார்க் மோடுக்குப் போனால் பலர் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்று பிபிசி ஆராய்ச்சிப் பிரிவு கண்டது. எல்சிடி மடிக்கணினியில் அப்படிச் செய்தால் செலவு கூடத்தான் செய்யும்.

நிறம் ஒன்றும் மந்திரம் இல்லை. திரைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. கணக்கு அப்படியே இருக்கும், கருவி மாறிவிடும். நாம் பழைய விடையை வைத்துக்கொண்டு மெயில் அனுப்பிக்கொண்டிருப்போம்.

இங்கே புனேயில் ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஐடி கட்டடங்களைப் பார்த்தால், ஆளில்லாத மாடிகளில் மானிட்டர்கள் மினுங்குகின்றன. ஒரு மானிட்டர் 20 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மானிட்டர், 14 மணி நேரம்: 28 யூனிட், ஒரே ராத்திரியில். அவற்றில் ஓடும் ஸ்கிரீன்சேவர் கருப்பா வெள்ளையா என்பதால் இந்த எண் மாறாது. குழாய் காலத்தில் பாஸ்பரில் தழும்பு விழாமல் இருக்க வந்தது அது, மின்சாரம் சேமிக்க அல்ல.

எனவே கண்ணுக்கு இதமாக இருந்தால் டார்க் மோட் வையுங்கள். போன் ஓஎல்இடி என்றால் வெயிலில் பயன்படுத்தும்போது பேட்டரியும் கொஞ்சம் நிற்கும். கரண்டு பில்தான் கவலை என்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள், கிளம்பும்போது மானிட்டர் பொத்தானை அமுக்கிவிட்டுக் கிளம்புங்கள். எந்தக் காலத்துத் திரைக்கும் பொருந்துகிற கருப்பு அது ஒன்றுதான்.