கணையப் புற்றுநோய்: தாமதமாகவே தெரியவருவது ஏன்? சிகிச்சை எதுவரை முன்னேறியுள்ளது?

புதுடெல்லி: கோவா முதலமைச்சர் மனோகர் பாரிக்கர் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சிகிச்சை பெற்ற அவர், பதவியில் இருந்தபோதே 2019-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி தமது 63-ஆவது வயதில் காலமானார். முதல் அனுமதிக்கும் மறைவுக்கும் இடையே இருந்த காலம் 13 மாதங்கள் மட்டுமே. அவரைப் பாதித்தது கணையப் புற்றுநோய்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் அவ்வாண்டில் சுமார் 5.1 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 4.67 லட்சம் பேர் உயிரிழந்தனர். நோயுற்றோர் எண்ணிக்கையும் இறந்தோர் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கியிருப்பதே இந்நோயின் கடுமையை உணர்த்துகிறது. எண்ணிக்கையில் 12-ஆவது இடத்தில் இருக்கும் இப்புற்றுநோய், புற்றுநோய் மரணங்களுக்கான காரணங்களில் 6-ஆவது இடத்தில் உள்ளது.

எனினும், இது ஓரிரு மாதங்களில் தோன்றி உயிரைப் பறிக்கும் நோய் அன்று. பல ஆண்டுகள் உடலுக்குள் மறைந்திருந்து, கடைசிக் கட்டத்தில் மட்டுமே வெளிப்படும் நோய் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. அந்த மறைவான காலத்தில் நோயைக் கண்டறிய முடியுமா என்பதே இத்துறை ஆராய்ச்சியின் மையக் கேள்வியாக உள்ளது.

கணையம் என்ன செய்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்பாக, சுமார் 15 செ.மீ. நீளத்தில் அமைந்துள்ள சுரப்பியே கணையம். இதற்குத் தலை, உடல், வால் என மூன்று பகுதிகள் உண்டு. உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புவதும், இன்சுலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை ரத்தத்தில் கலப்பதும் இதன் பணிகள்.

வயிற்றின் ஆழத்தில் இருப்பதால், இதில் தோன்றும் சிறிய கட்டியைக் கையால் தொட்டு உணர இயலாது. கல்லீரலுக்குச் செல்லும் முக்கிய ரத்தக்குழாய்களும் பித்த நாளமும் இதை ஒட்டியே செல்கின்றன. எனவே, கட்டி சிறிதளவு வளர்ந்தாலும் அக்குழாய்களைச் சூழ்ந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு வகைகள், இரண்டு வேறு நோய்கள்

கணையப் புற்றுநோய்களில் சுமார் 90 சதவீதம், செரிமான நீரைக் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் தோன்றுபவை. இக்கட்டுரை பெரும்பாலும் இவ்வகையைப் பற்றியதே.

ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி மற்றொரு வகை. இது பொதுவாக மெதுவாக வளரக்கூடியது. சிகிச்சை முறையும் வேறு. ஆப்பிள் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இருந்தது இவ்வகைக் கட்டியே. 2003-இல் நோய் கண்டறியப்பட்ட அவர் 2011-இல்தான் மறைந்தார். ஒருவருக்குக் கணையத்தில் கட்டி எனத் தெரியவந்ததும், அது எந்த வகை என்பதை உறுதிசெய்வது முதல் தேவையாவது இதனால்தான்.

பல ஆண்டுகள் மறைந்திருக்கும் நோய்

உயிரிழந்த 7 நோயாளிகளின் கட்டிகளில் ஏற்பட்டிருந்த மரபணு மாற்றங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று, 2010-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. முதல் மரபணு மாற்றம் நிகழ்ந்த பின், முழுமையான புற்றுநோய்ச் செல் உருவாகக் குறைந்தது 10 ஆண்டுகள் ஆகின்றன என்றும், அச்செல் பிற உறுப்புகளுக்குப் பரவும் திறனைப் பெற மேலும் 5 ஆண்டுகளாவது தேவைப்படுகின்றன என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதன் பின் நோயாளி உயிர்வாழ்ந்த காலம் சராசரியாக 2 ஆண்டுகள்.

அதாவது, நோயைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 15 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இன்னும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. அமெரிக்கத் தரவுகளின்படி, ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்குப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய பின்னரே நோய் கண்டறியப்படுகிறது.

புறக்கணிக்கக் கூடாத அறிகுறிகள்

கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால், அது பித்த நாளத்தை அழுத்தி மஞ்சள் காமாலையை உண்டாக்கும். வலியோ காய்ச்சலோ இன்றிக் கண்கள் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, மலம் வெளிறிப்போவது, உடல் முழுவதும் அரிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். உடல், வால் பகுதிகளில் தோன்றும் கட்டிகள் காமாலையை ஏற்படுத்துவது அரிது என்பதால், அவை மேலும் தாமதமாகவே தெரியவருகின்றன.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, காரணமின்றி எடை குறைதல், பசியின்மை, எண்ணெய்ப் பசையுடன் மலம் கழிதல் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. இவற்றுக்கு வேறு பல சாதாரணக் காரணங்களும் இருக்கலாம். ஆனால், சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரை அணுகுவது அவசியம்.

மஞ்சள் காமாலை என்றாலே பத்தியம் இருந்து நாட்டு மருந்து அருந்தினால் போதும் என்ற எண்ணம் நாட்டின் பல பகுதிகளில் நிலவுகிறது. வைரஸ் தொற்றால் வரும் காமாலை பல நேரங்களில் தானாகவே தணிந்துவிடும். அடைப்பினால் வரும் காமாலை அவ்வாறு தணியாது. நடுத்தர வயதைக் கடந்த ஒருவருக்கு வலியற்ற காமாலை ஏற்பட்டால், அதன் காரணத்தை ஸ்கேன் மூலம் அறிவதற்கு முன் வாரங்களைக் கடத்துவது, அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பையே இழக்கச் செய்யலாம்.

புதிதாக வரும் நீரிழிவும் ஒரு தடயம்

50 வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களில் சுமார் 1 சதவீதம் பேருக்கு, 3 ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்ததாக அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2005-இல் தெரிவித்தனர். நீரிழிவு உள்ள அனைவரும் அஞ்ச வேண்டும் என்பது இதன் பொருளன்று. 100 பேரில் 99 பேருக்கு இந்நோய் இல்லை. ஆனால், பருமன் இல்லாத ஒருவருக்கு முதிர்ந்த வயதில் நீரிழிவு தோன்றி, அதே காலத்தில் எடையும் குறைந்துவந்தால் கூடுதல் பரிசோதனை தேவையா என மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

புகைப்பழக்கம், உடல் பருமன், நீண்டகால நீரிழிவு, நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவை ஆபத்தை அதிகரிக்கின்றன. இவற்றுள் புகைப்பழக்கம் எளிதில் தவிர்க்கக்கூடிய முதன்மைக் காரணி.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், மதுப்பழக்கம் இல்லாத இளம் வயதினரிடமும் கணையத்தில் கற்கள் உருவாகும் ஒருவகை நாள்பட்ட அழற்சி பல ஆண்டுகளாகப் பதிவாகிவருகிறது. ‘வெப்பமண்டலக் கணைய அழற்சி’ என அழைக்கப்படும் இப்பாதிப்பு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்பதால், அவர்கள் தொடர் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

சுமார் 10 சதவீத நோயாளிகளிடம் பரம்பரைத் தொடர்பு காணப்படுகிறது. மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடையதாக அறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 மரபணுக்களின் மாற்றங்களும் இவற்றுள் அடங்கும்.

நோய் எவ்வாறு உறுதிசெய்யப்படுகிறது?

கணையத்துக்கெனத் தனியாக வரையறுக்கப்பட்ட முறையில், சாய மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் முதன்மையான பரிசோதனை. கட்டியின் அளவு, ரத்தக்குழாய்களுடன் அதன் தொடர்பு, கல்லீரலுக்குப் பரவியுள்ளதா என்பன இதில் தெரியவரும். சிறிய கட்டிகளைக் காணவும், ஊசி மூலம் திசு எடுக்கவும் எண்டோஸ்கோப்பி வழியிலான அல்ட்ராசவுண்ட் உதவுகிறது.

சி.ஏ. 19-9 எனும் ரத்தப் பரிசோதனை, சிகிச்சையின் பலனைத் தொடர்ந்து கணிக்கப் பயன்படுகிறது. ஆனால், இதை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது. பித்த நாள அடைப்பு எதனால் ஏற்பட்டாலும் இதன் அளவு உயரக்கூடும். மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேரின் உடல் இப்பொருளை உருவாக்குவதே இல்லை.

அனைவருக்கும் முன்கூட்டிய பரிசோதனை ஏன் இல்லை?

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். நோயற்றவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக அடையாளம் காணும் பரிசோதனையும், ஏறத்தாழ 5,000 பேருக்கு நோய் இருக்கலாம் எனத் தவறாக எச்சரிக்கும். அவர்கள் அனைவரும் தேவையற்ற ஸ்கேன்களுக்கும் ஊசிப் பரிசோதனைகளுக்கும் உள்ளாக நேரிடும்.

இத்தகைய காரணங்களால், அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இப்பரிசோதனை வேண்டாம் என அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019-இல் மீண்டும் பரிந்துரைத்தது. பரம்பரை ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது, அவர்களுக்கு எம்.ஆர்.ஐ., எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றின் மூலம் ஆண்டுதோறும் கண்காணிப்பு பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை சிகிச்சை: மையத்தின் அனுபவம் முக்கியம்

நோயை முழுமையாகக் குணப்படுத்தும் வாய்ப்பு அறுவை சிகிச்சையால் மட்டுமே கிடைக்கிறது. ஆனால், கண்டறியப்படும் வேளையில் 15 முதல் 20 சதவீத நோயாளிகளுக்கு மட்டுமே அது சாத்தியமாகிறது. தலைப்பகுதிக் கட்டிகளுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சை, 1935-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிளின் பெயரால் அழைக்கப்படுகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்த நாளத்தின் ஒரு பகுதி ஆகியவை அகற்றப்பட்டு, எஞ்சிய உறுப்புகள் குடலுடன் மீண்டும் இணைக்கப்படுகின்றன.

இச்சிகிச்சையை எங்கே செய்துகொள்வது என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கணைய அறுவை சிகிச்சைகளை மிகக் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 16.3 சதவீதமாகவும், மிக அதிகமாகச் செய்தவற்றில் 3.8 சதவீதமாகவும் இருந்தது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் இவ்வகை அறுவை சிகிச்சைகள் அதிக எண்ணிக்கையில் செய்யப்படுகின்றன.

மருந்துகள் கூட்டித்தந்த காலம்

கீமோதெரபியின் முன்னேற்றம் மெதுவானது, எனினும் தெளிவானது. ஆய்வுகளில் குறிப்பிடப்படும் ‘இடைநிலை உயிர்வாழ்வுக் காலம்’ என்பது, நோயாளிகளில் பாதிப் பேர் கடந்து வாழ்ந்த கால அளவைக் குறிக்கும்.

ஜெம்சிட்டபைன் மருந்து குறித்த 1997-ஆம் ஆண்டு ஆய்வில், முற்றிய நிலை நோயாளிகளின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 5.65 மாதங்கள், பழைய மருந்தில் அது 4.41 மாதங்கள். 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நான்கு மருந்துகளின் கூட்டான ஃபோல்ஃபிரினாக்ஸ் 11.1 மாதங்களையும், ஜெம்சிட்டபைன் 6.8 மாதங்களையும் அளித்தன. 2013-இல் ஜெம்சிட்டபைனுடன் நாப்-பக்லிடாக்சல் சேர்த்தபோது 8.5 மாதங்கள் கிட்டின.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் பலன் மேலும் பெரிது. சற்றே மாற்றியமைக்கப்பட்ட ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றவர்களில் 43 சதவீதம் பேரும், ஜெம்சிட்டபைன் பெற்றவர்களில் 31 சதவீதம் பேரும் 5 ஆண்டுகளைக் கடந்து உயிர்வாழ்ந்தனர். ஆனால், கடுமையான பக்கவிளைவுகள் கொண்ட இக்கூட்டு மருந்து, உடல் தாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கே அளிக்கப்படுகிறது.

புதிய ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

இந்நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேரின் கட்டிகளில் ‘கேராஸ்’ எனும் மரபணு மாற்றம் உள்ளது. பல பத்தாண்டுகளாக மருந்துக்கு எட்டாததாகக் கருதப்பட்ட இதன் மீது செயல்படும் மருந்துகள் இப்போது சோதனைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றான டராக்சோன்ராசிப் மருந்துக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025-இல் ‘திருப்புமுனை சிகிச்சை’ எனும் தகுதியை வழங்கியது. இது ஆய்வையும் பரிசீலனையையும் விரைவுபடுத்தும் ஏற்பாடே தவிர, விற்பனைக்கான ஒப்புதல் அன்று.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், அறுவை சிகிச்சை முடிந்த 16 பேருக்கு, அவரவர் கட்டியின் தன்மைக்கேற்பத் தயாரிக்கப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி செலுத்தப்பட்டது. 8 பேரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதற்கு வினைபுரிந்தது. 3 ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்தபோது, அந்த 8 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பவில்லை. வினைபுரியாத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. நம்பிக்கையூட்டும் முடிவு என்றாலும், 16 பேரைக் கொண்டு பொதுமுடிவுக்கு வர இயலாது என்பதால் பெரிய ஆய்வு தொடங்கப்பட்டுள்ளது.

பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்களுக்கு அளிக்கப்படும் ஒலாபரிப் மாத்திரை, நோய் மோசமடையாத காலத்தை 3.8 மாதங்களிலிருந்து 7.4 மாதங்களாக உயர்த்தியது. மொத்த உயிர்வாழ்வுக் காலத்தை அது நீட்டிக்கவில்லை. இத்தகைய வாய்ப்புகளை அறியவே, கணையப் புற்றுநோய் உறுதியான அனைவருக்கும் பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்யுமாறு சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.

எண்களை எவ்வாறு படிப்பது?

அமெரிக்காவில் 1970-களின் நடுப்பகுதியில் 3 சதவீதமாக இருந்த 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம், தற்போது 13 சதவீதமாக உயர்ந்துள்ளது. கணையத்துக்குள் மட்டும் நோய் இருக்கும்போது கண்டறியப்பட்டால் இது 44 சதவீதம்; தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் 3 சதவீதம். நோயின் வகை ஒன்றே என்றாலும், கண்டறியும் காலம் மாறும்போது விகிதம் பல மடங்கு மாறுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இவை பல்லாயிரம் பேரின் கடந்தகாலப் பதிவுகள். தனியொருவரின் ஆயுளைக் கணிப்பவை அல்ல.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

நோய் உறுதியானால், மருத்துவரிடம் சில கேள்விகளைத் தெளிவாகக் கேட்பது உதவும். கட்டி எந்த வகை, அறுவை சிகிச்சைக்கு உகந்ததா, இம்மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவை சிகிச்சைகள் நடைபெறுகின்றன, மரபணுப் பரிசோதனை தேவையா, செரிமான நொதி மாத்திரைகள் அவசியமா என்பன அவை. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனை சிகிச்சைக்கான காப்பீடு உண்டு என்பதால், தகுதியை முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வலி நிவாரணமும் ஆதரவுச் சிகிச்சையும் இறுதி நாள்களுக்கு மட்டும் உரியவை என எண்ணுவது தவறு. பித்த நாளத்தில் ஸ்டென்ட் பொருத்துதல், வலிக்கான நரம்புத் தடுப்பு ஊசி, ஊட்டச்சத்து ஆலோசனை ஆகியவை நோயின் எந்தக் கட்டத்திலும் வாழ்வின் தரத்தை உயர்த்தும்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலகக் கணையப் புற்றுநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எளிய ரத்தப் பரிசோதனையில் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முறை கிடைக்கும் வரை, வலியற்ற காமாலையையும் காரணமற்ற எடை இழப்பையும் உரிய நேரத்தில் கவனிப்பதே பொதுமக்கள் கையில் உள்ள முதன்மையான வழி.

பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உடல்நலம் குறித்த எந்த முடிவையும் தகுதி பெற்ற மருத்துவரின் ஆலோசனையுடன் எடுக்க வேண்டும்.