கோல்ஃப் காசும் ஒரு துணைத்தேர்வும்

பெங்களூருல ஐடி வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த மாதிரி மெயில் பழக்கமா இருக்கும்: இளைஞர் மனநலத்துக்கு நிதி திரட்ட ஒரு கோல்ஃப் போட்டி, நாலு பேர் டீம், இவ்வளவு கட்டணம். தருமபுரியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அந்தக் காசு எங்க பென்னாகரம் வரைக்கும் வருமா ப்ரோ?" இதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும்.

முதல்ல, ஏன் கோல்ஃப்? அதுல ஹேண்டிகேப்னு ஒரு கணக்கு இருக்கு. சுமாரா ஆடுறவருக்கு அவர் தரத்துக்கு ஏத்த மாதிரி சில அடிகளைக் கழிச்சுடுவாங்க. அதனால சாம்பியனும் கம்பெனி முதலாளியும் சேர்ந்தே ஆடலாம். நன்கொடைப் போட்டிகள்ல 'ஸ்கிராம்பிள்'னு இன்னும் சுலபமான முறை உண்டு. நாலு பேரும் அடிப்பாங்க. யாரோட பந்து நல்ல இடத்துல விழுந்துச்சோ, அங்கிருந்து எல்லாரும் அடுத்த அடி. வசதியானவங்க நாலஞ்சு மணி நேரம் ஒன்னா நடக்குறாங்க, 18 குழிக்கும் ஸ்பான்சர் பலகை வைக்கலாம். நிதி திரட்டுறவங்களுக்கு வேற என்ன வேணும்?

1918ல, முதல் உலகப்போர் சமயத்துல, 16 வயசு பாபி ஜோன்ஸ் அமெரிக்காவுல செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஊர் ஊரா ஆடினார். 1937ல பாடகர் பிங் கிராஸ்பி தொடங்கின போட்டி, 1947ல பெப்பிள் பீச்சுக்கு மாறி, தொண்டு கோல்ஃபுக்கே அடையாளம் ஆயிடுச்சு. நம்ம பக்கம் ஆட்டம் அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு: கல்கத்தா கிளப் 1829, கொடைக்கானல் 1895. தருமபுரி லிஸ்ட்ல இல்லை. ஓசூர் பக்கம் ஒரு மைதானம் இருக்கு. ஆனா 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சப்போ ஓசூரும் கூடவே போயிடுச்சு!

மனநல உதவியோட கதை வேற ரூட். 1953ல லண்டன்ல சாட் வரா என்கிற பாதிரியார், மனசு உடைஞ்சவங்க பேசுறதுக்காக ஒரு டெலிஃபோன் பக்கத்துல உட்கார்ந்தார். 1935ல அவர் அடக்கம் பண்ணி வச்சது ஒரு பள்ளி வயசுப் பொண்ணை. மாதவிடாய் வந்ததை ஏதோ நோய்னு பயந்து, கேட்க ஆளில்லாம உயிரை விட்ட பொண்ணு. அவர் தொடங்கின வேலை உலகம் முழுக்கப் பரவுச்சு. அந்த வழியில, 1986ல டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். ஃபோன் எடுக்கிறது தன்னார்வலர்கள். நடத்துறதுக்கு நன்கொடை.

தேர்வு முடிவு வர்ற நாட்கள்ல அந்த ஃபோன் ஓயாது. அப்போ பத்தாவதுல, பன்னிரண்டாவதுல ஒரே ஒரு பாடம் போனாலும் ஒரு வருஷம் போச்சு. கூடப் படிச்சவங்க காலேஜ் போவாங்க, இவன் வீட்டுல இருப்பான். பொண்ணா இருந்தா சில வீடுகள்ல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. ஃபெயிலானவங்களுக்கு உடனே இன்னொரு வாய்ப்பு கொடுங்கன்னு ஸ்நேகா அரசுகிட்ட வலியுறுத்துச்சு. 2000களோட தொடக்கத்துல தமிழ்நாட்டுல துணைத்தேர்வு வந்துச்சு. முடிவு வந்த கொஞ்ச வாரத்துலேயே எழுதி, அதே வருஷம் மேல படிக்கலாம்.

இந்த ஒரு விதி அரூர், பாலக்கோடு, பென்னாகரம்னு எல்லா ஊருக்கும் ஒரே நாள்ல போய்ச் சேர்ந்துச்சு. ஸ்பான்சர் பலகை எதுவும் தேவைப்படலை. அதே சமயம், அந்த யோசனைக்குப் பின்னாடி வருஷக்கணக்கா ஃபோன்ல கேட்ட அழுகை இருக்கு. அந்த ஃபோன் பில்லை யாரோ கட்டியிருக்காங்க. அதனால கோல்ஃப் காசை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அடுத்த தடவை அந்த மெயில் வந்தா ரிப்ளை போட்டுக் கேளுங்க: இது விழிப்புணர்வு பேனருக்கா, இல்ல தமிழ்ல ஃபோன் எடுக்கிற ஒருத்தரோட சம்பளத்துக்கா?

இதைக் கேக்குற உங்களுக்கே பேசணும்னு இருந்தா, 14416. அரசோட இலவச மனநல எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.