வானோடு திரும்பும் பலகை

1967-இல் கலிபோர்னியாவின் வேதாந்த மடத்திலிருந்து ஜான் டாப்சன் என்ற துறவி வெளியேற்றப்பட்டார். பெர்க்லியில் வேதியியல் படித்துவிட்டு 1944-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் சேர்ந்தவர் அவர். 1900-இல் விவேகானந்தர் நிறுவிய சங்கம் அது. பழைய கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துக் குழியாடியாக்குவார் டாப்சன். தொலைநோக்கி முடிந்ததும் மடத்துக்கு வெளியே உருட்டிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தாருக்கு வானத்தைக் காட்டுவார். இதற்காக அடிக்கடி மடத்தை விட்டுப் போவதுதான் அவர் மீது வந்த புகார்.

மறு வருடமே சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதைகளில் அவருடைய குழு தொலைநோக்கிகளை நிறுத்தத் தொடங்கியது. போகிறவர் வருகிறவர் யாரும் பார்க்கலாம், காசு கிடையாது.

அவர் செய்த தொலைநோக்கியின் அடிப்பாகம் வெறும் ப்ளைவுட் பெட்டி. பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் சாயும், அவ்வளவே. டெஃப்ளான் துண்டுகளின் மேல் வழுக்கிக்கொண்டு ஒரு விரலுக்கே நகரும். இரும்பு அச்சும் எதிர்எடையும் தேவைப்படாததால், அந்தச் செலவெல்லாம் பெரிய ஆடிக்குப் போனது. 1980 வாக்கில் கூல்டர் என்ற கலிபோர்னிய நிறுவனம் 13.1 அங்குலத் தொலைநோக்கியை இந்த முறையிலேயே செய்து விற்றது. அதுவரை அந்த அளவு ஆடியைச் சாதாரண ஆர்வலர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் பூமி நிற்பதில்லை. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 200 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண ஐபீஸில் தெரிவது கால் பாகை வானம்தான். வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள வியாழன் அதை ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். வரிசையில் நிற்கும் குழந்தை ஏணியில் ஏறிக் கண்ணை வைப்பதற்குள் கோள் ஓரத்துக்குப் போயிருக்கும். நகர்த்துவதும் ஒரே திசையில் இல்லை: கோள் சாய்வாகப் போகும், பெட்டியோ நேராக மட்டும் திரும்பும். வியாழனின் பட்டைகளை நிதானமாகப் பார்த்து வரைய நினைப்பவருக்கு இது தீராத தொல்லை.

இதற்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. 1977 ஜனவரி ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் ஆத்ரியன் போன்சே ஒரு மேடையை விவரித்தார். தொலைநோக்கியில் கை வைக்காமல், அது நிற்கும் தரையையே திருப்புவதுதான் அவர் யோசனை. ஒரு பலகை, அதைத் தாங்க ஒரு கூர்முனை, ஒரு சாய்தளம். சாய்தளம் பூமத்திய ரேகையின் தளத்துக்கு இணையாக இருக்கும். அதில் படிந்தபடியே பலகை நகர வேண்டும் என்பதால், கூர்முனை வழியே துருவத்தை நோக்கிப் போகும் ஒரு கற்பனை அச்சைச் சுற்றித்தான் அது திரும்ப முடியும். மற்ற எல்லா அசைவும் அடைபட்டுவிடுகிறது. இரும்புத் தண்டாக இருந்த துருவ அச்சை வெறும் வடிவியலாக மாற்றிய இந்த யோசனையை, அமெச்சூர் வானியல் கண்ட மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றே சொல்ல வேண்டும். ஒரு சின்ன மோட்டாரும் திருகும் பலகையை மெல்ல நகர்த்தும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியபின் தொடக்க நிலைக்குத் திருப்பி வைத்தால் போதும்.

போன்சேயின் மேடை 6 அங்குலத் தொலைநோக்கிக்கு ஏற்றது. பாரம் கூடினால் சாய்தளத்தில் உராய்வு கூடும். பிறகு வந்தவர்கள் சாய்தளத்தை நீக்கி, வளைந்த பட்டைகளை உருளைகளின் மேல் ஓடவிட்டார்கள். ஆலன் ஜீ உருளை வடிவத்தையும், ஜார்ஜ் டோட்யூம் கூம்பு வடிவத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆர்வலர்கள் வீட்டில் செய்யும் மேடைகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

1990-களில் மெல் பார்ட்டெல்ஸ் போன்றவர்கள் டாப்சன் பெட்டியின் இரண்டு அச்சுகளுக்கும் மோட்டார் பூட்டிக் கணினியால் ஓட்டினார்கள். மேடையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைக்கும் வேலை அதில் இல்லை. ஆனால் கோள் நடுவில் நிற்க, சுற்றியுள்ள வானம் மெல்லச் சுழலும். நீண்ட நேரப் புகைப்படத்தில் ஓர விண்மீன்கள் வில்லாக இழுபடும். மேடையில் அந்தக் குறை கிடையாது.

மேடையின் குறை வேறு: ஓரிடத்துக்குச் செய்தது வேறிடத்துக்கு ஆகாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் துருவ அச்சு சுமார் 38 பாகை சாய்ந்திருக்கும், சென்னையில் 13 பாகைதான். அச்சு தொலைநோக்கியின் ஈர்ப்பு மையத்தின் வழியே போக வேண்டும். அந்த மையம் பலகையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அச்சு பலகை மட்டத்தைத் தொடும் இடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் 64 செ.மீ. தெற்கே வரும். கூர்முனையை அங்கே வைத்துவிடலாம். சென்னையிலோ அந்த இடம் 2 மீட்டருக்கும் அப்பால் போய்விடும். அவ்வளவு நீளப் பலகையை மொட்டை மாடிக்கு யார் தூக்குவது?

அதனால் நம் ஊருக்குக் கூர்முனையை விட்டுவிட்டு, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு வளைந்த பட்டைகள் வேண்டும். வடக்குப் பட்டை பெரியது, தெற்குப் பட்டை சற்றுச் சிறியது. இதில் ஒரு வசதியும் உண்டு. செங்குத்தாக நிறுத்தும் பட்டையின் விளிம்பை அமெரிக்காவில் நீள்வட்டமாக அறுக்க வேண்டியிருக்கும். 13 பாகையில் அது ஏறக்குறைய வட்டமே, காம்பஸ் வைத்துக் கோடு போட்டுவிடலாம்.

கவனம் தேவைப்படுவது சமநிலையில். அச்சு கிட்டத்தட்டப் படுத்திருப்பதால், அரை மணி நேர ஓட்டத்தில் தொலைநோக்கி 7 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாயும். ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே இருந்தால், ஓட்டத்தின் முதல் பாதியில் மோட்டார் பாரத்தை மேலே தூக்க வேண்டும், மறுபாதியில் பாரம் மோட்டாரை முன்னே தள்ளும். அதனால் பலகையை அறுக்கும் முன்பே, குழாயோடு பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கீழே ஒரு கம்பியை நகர்த்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பட்டைகளின் ஆரம் அந்தக் குறியிலிருந்துதான் கணக்காகிறது.