ஆவடித் தீர்மானமும் பெரியப்பாவின் பேஸ் கிட்டாரும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெரியம்மா போன் பண்ணாங்க. "காயலான் கடைக்காரர் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொட்டியைப் போட்டுடப் போறேன். வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ."

ஆவடி ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சா கோவில்பதாகை. ஏரிப் பக்கம் ஒரு தெருவுல பெரியப்பா வீடு. 'அந்தப் பொட்டி' எதுன்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும். கூடத்து மூலையில பழைய பெட்ஷீட் போர்த்தி, மேல ஒரு மணிபிளான்ட் தொட்டியோட நிக்கும். போர்வைக்குள்ள இருக்கறது பேஸ் கிட்டாருக்கான காம்போ. அதாவது ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ள. பெரியப்பா பகல்ல டேங்க் ஃபேக்டரி, ராத்திரியில லைட் மியூசிக் மேடை. கிட்டத்தட்ட 20 வருஷம் அப்படித்தான் ஓட்டினார்.

இந்த எபிசோடுக்கு நான் முதல்ல வெச்சிருந்த தலைப்பு வேற. பேஸ் வாசிக்கிறவங்களுக்குப் பிடிச்ச கிட்டார் எது, பிடிச்ச காம்போ எதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதையே பெரியப்பாகிட்ட கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "பிடிச்சதா? கிடைச்சதுடா," அப்படின்னார். அதுக்கப்புறம் தலைப்பை மாத்திட்டேன்.

பேஸ் கிட்டாருக்கு நாம நினைக்கிற அளவுக்கு வயசு கிடையாது. கலிஃபோர்னியாவுல லியோ ஃபெண்டர்னு ஒருத்தர். ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அதுவரைக்கும் பேஸ்னா ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸ்தான். அதைத் தூக்கறதும் கஷ்டம், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவுல அது காதுல விழறதும் கஷ்டம். 1951ல அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், தோள்ல மாட்டிக்கிற மாதிரி இருந்தது. கழுத்துல ஃபிரெட் இருந்ததால சுருதி துல்லியமா நின்னது, பேரும் அதனாலதான். ஆனா அந்தக் கீழ் ஸ்தாயியைத் தாங்குற ஆம்ப்ளிஃபையர் வேணுமே? அடுத்த வருஷமே 15 இன்ச் ஸ்பீக்கர் வெச்ச பேஸ்மேன் காம்போ வந்துடுச்சு. 1960ல கழுத்து மெலிசான, ரெண்டு பிக்கப் வெச்ச ஜாஸ் பேஸ். அதே 1960ல ஆம்பெக் கம்பெனியோட பி-15. கச்சேரி முடிஞ்சதும் அதோட ஆம்ப் பகுதியைத் தலைகீழாக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளயே பூட்டிடலாம். உலகம் பூரா பேஸ் வாசிக்கிறவங்களோட 'பிடிச்ச' பட்டியல் இன்னிக்கும் இந்தச் சில சாமான்களைச் சுத்தித்தான் இருக்கு.

இப்ப நம்ம ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில இங்க காங்கிரஸ் மாநாடு நடந்தது. தலைவர் யு.என். தேபர், நேரு வந்திருந்தார், முதல்வர் காமராஜர். 'சோசலிச பாணி சமுதாயம்'னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அந்தத் தீர்மானம் போட்டது இங்கதான். அடுத்து ரெண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், பெரிய பொதுத்துறை ஆலைகள். 1957 வாக்குல அந்நியச் செலாவணி தட்டுப்பாடு வந்தப்ப இறக்குமதியை இறுக்கினாங்க. மெஷினுக்கே லைசென்ஸ் வாங்கணும்னா கிட்டாரை யார் கேப்பாங்க? அது ஆடம்பரப் பொருள்.

ஆனா அதே கொள்கையோட இன்னொரு கை, ஆவடிக்குக் கனரக வாகனத் தொழிற்சாலையைக் கொண்டுவந்தது. 1965ல அங்கேர்ந்து முதல் விஜயந்தா டேங்க் வெளிய வந்தது. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தது 1974ல. ஓவர்டைம், கேன்டீன், குவார்ட்டர்ஸ், பென்ஷன்னு எங்க குடும்பம் நிமிர்ந்ததே அந்தச் சம்பளத்துலதான். ஒரு தீர்மானம் அவருக்கு வேலையைக் குடுத்தது, அதே தீர்மானம் அவர் ஆசைப்பட்ட கிட்டாரைக் கண்ணுல காட்டாம வெச்சது. இதுல யாரைக் குத்தம் சொல்றது? இதைச் சொன்னா அவருக்கே சிரிப்பு வருது. அன்னிக்கு அவர் சிரிச்சிருக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

அப்ப மெட்ராஸ்ல வெளிநாட்டு பேஸ் எப்படித்தான் வந்தது? கப்பல்ல வேலை பார்க்கிறவங்க, சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தக்காரங்க, ஊரை விட்டுப் போற வெளிநாட்டுக்காரங்க விட்டுட்டுப் போறது. பாரிமுனை பர்மா பஜார்ல சொல்லி வெச்சா எப்பவாவது ஏதாவது வரும். அங்க ஒரு தடவை ஜாஸ் பேஸுக்கு விலை கேட்டாராம். ஆறு மாசச் சம்பளம். கையில எடுத்து ரெண்டு நிமிஷம் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டார். கடைசியில அவர் வாசிச்சது கல்கத்தாவுல செஞ்ச ஒரு காப்பி. தலையில ஒட்டியிருந்த பேர் உரிஞ்சு போச்சு, அதனால அது என்ன பிராண்டுன்னு இன்னிக்கும் தெரியாது.

பேஸ் கம்பி இன்னும் பெரிய தலைவலி. பழைய கம்பி மந்தமாயிட்டா கழட்டிச் சுருட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுப்பார். அழுக்கும் எண்ணெயும் இறங்கி நாலஞ்சு கச்சேரிக்குப் பளிச்சுனு பேசும். பெரியம்மா சோறு வடிக்கிற குண்டான்லயே செஞ்சிருக்கார், அந்தச் சண்டை தனிக் கதை. வேடிக்கை என்னன்னா, டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனியோட ஜேம்ஸ் ஜேமர்சன் தன்னோட 1962 பிரிசிஷன்ல கம்பியை மாத்தவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்தார். அந்த மந்தமான சத்தம்தான் அவருக்கு வேணும். அவர் மாத்தாதது அவர் இஷ்டம், எங்க பெரியப்பாவுக்கு வேற வழி இல்ல.

பெரியப்பா பேஸ் பக்கம் வந்ததுக்குக் காரணம் இளையராஜா. 1976ல 'அன்னக்கிளி'. அதுக்கப்புறம் வந்த பத்து வருஷப் பாட்டுல பேஸ் வெறுமனே தாளத்தோட டும் டும்னு போகாது, பாட்டுக்கு அடியில தனியா இன்னொரு மெட்டே ஓடும். 'மௌன ராகம்' படப் பாட்டுகளை நல்ல ஹெட்போன்ல, குரலை விட்டுட்டு பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க. ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் குடுக்கிறவர். அந்தக் குழுவுல பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். அந்தப் பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமான விஷயம், அந்த பேஸ் அன்னிக்கு முக்கால்வாசி ஜனங்களுக்கு முழுசாக் கேட்டிருக்கவே முடியாது. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பியைச் சும்மா தட்டினா நொடிக்கு 41 அதிர்வு. டீக்கடை டிரான்சிஸ்டர்ல இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு நூத்துச் சொச்சத்துக்குக் கீழ எதுவும் உருப்படியா வராது. ஆனாலும் நாம அந்த மெட்டைக் கேட்டோம், முணுமுணுத்தோம். எப்படி? ஒரு கம்பி 41ல அதிரும்போதே 82, 123, 164ன்னு அதோட மடங்குகள்லயும் சேர்ந்து அதிரும். மேல இருக்கிற மடங்குகள் காதுக்கு வந்தா போதும், கீழ இல்லாத அடிச்சுரத்தை மூளையே போட்டு நிரப்பிக்கும். டீக்கடையில நாம கேட்ட பேஸ்ல பாதி நம்ம தலைக்குள்ளயே வாசிச்சதுதான்.

அப்புறம் டேப் ரெக்கார்டர் வந்தப்ப நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வைத்தியம் மண்பானை. பானை வாய்ல ஸ்பீக்கரைக் கவுத்து வெச்சா, உள்ள இருக்கிற காத்து சேர்ந்து அதிர்ந்து கீழ் ஸ்தாயி தூக்கிக் குடுக்கும். நம்ம பக்கத்துச் சின்னப் பசங்களோட முதல் 'பேஸ் கேபினெட்' அதுதான்.

பெரியப்பாவோட காம்போவும் இந்த மாதிரிச் சொந்தத் தயாரிப்புதான். 1979ல ஃபேக்டரி நண்பர் ஒருத்தரும் இவரும் ரிச்சி தெருவுல அலைஞ்சு பார்ட்ஸ் வாங்கினாங்க. 2என்3055ன்னு ஒரு பவர் டிரான்சிஸ்டர். அந்தக் காலத்துல ஆம்ப் கட்டினவங்ககிட்ட அந்த நம்பரைச் சொல்லிப் பாருங்க, முகம் மலரும். ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர், முக்கால் இன்ச் பிளைவுட், இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். மொத்தம் 40 கிலோ இருக்கும். கனமா இருக்கக் காரணம் இருக்கு. பேஸுக்குப் பவர் நிறைய வேணும். வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு 'டபுள்' மாதிரித் தெரியணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேணும். அவ்வளவு பவருக்கு அன்னிக்கு இரும்பையும் செம்பையும் விட்டா வழியில்ல.

இந்தப் பெட்டியை ஆவடியில கடைசி டிரெய்ன்லேர்ந்து இறக்கி, சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏத்தி, விடியக்காலை வீட்டுக்கு வந்து, குளிச்சுட்டுக் காலை ஷிஃப்டுக்குப் போவார். இப்ப அவர் முதுகு வலின்னு சொல்றப்பல்லாம் பெரியம்மா கண்ணைக் காட்டறது அந்தப் பெட்டிப் பக்கம்தான்.

மேடையில வேற ஒரு தொல்லை. திருவிழாப் பந்தல்ல எர்த் சரியா இருக்காது, ஆம்ப் 'ம்ம்ம்'னு இரையும். நம்ம ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. பேஸ்ல தடிச்ச கம்பியில மூணாவது ஃபிரெட், ஜி சுரம், 49. அதனால எர்த் இல்லாத ஆம்ப் தானாவே கொஞ்சம் தூக்கலான ஜி வாசிச்சுக்கிட்டே இருக்கும்! அமெரிக்காவுல 60, அங்க அது பி பக்கம் போயிடும். பிக்கப் வழியா வர்ற இரைச்சலை ரத்து பண்றதுக்கான வழி 1957லயே வந்தது. பிரிசிஷன் பேஸ்ல பிக்கப்பை ரெண்டு துண்டாப் பிரிச்சு எதிரெதிராச் சுத்தினாங்க. ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்பையும் சமமாத் திறந்து வெச்சாதான் அந்த வசதி. அதனால, வாங்கறதுக்கு யோசனை கேட்டவங்களுக்கு என் பதில் இது: தெருமுனை மேடையும் சர்ச்சும்தான் உங்க களம்னா, முதல் பேஸ் பிரிசிஷன் வகையா இருக்கட்டும். ஜாஸ் பேஸ் ஆசை அப்புறம் தீத்துக்கலாம்.

1986ல 'புன்னகை மன்னன்' படத்துல ராஜா கம்ப்யூட்டர் வெச்சு இசை பண்ணப்ப, மேடை பேஸ் கலைஞர்கள் கொஞ்சம் கலங்கித்தான் போனாங்களாம். கவலைப்பட்டதுல நியாயம் இருக்கு. ஜப்பான் ரோலண்ட் கம்பெனி டிபி-303ன்னு ஒரு டப்பாவைக் கொண்டுவந்ததே பேஸ் வாசிக்க ஆள் இல்லாதவங்களுக்காகத்தான். அந்த வேலைக்கு அது சரிப்படலை. சீக்கிரமே உற்பத்தியை நிறுத்திட்டாங்க. ஆனா 1982லயே பம்பாய் ஸ்டுடியோ கலைஞர் சரண்ஜித் சிங் அதை வெச்சு பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல ஒரு ரெக்கார்டாப் போட்டார். அப்ப யாரும் கண்டுக்கலை, 2010ல மறுபடி வெளியானப்ப உலகமே திரும்பிப் பார்த்தது. நம்ம மேடைகள்லயும் கொஞ்சம் கொஞ்சமா கீபோர்டோட இடது கை பேஸ் கிட்டார் இடத்தைப் பிடிச்சது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம் பாருங்க. 90கள்ல பெரியப்பாவுக்கு அழைப்பு குறைஞ்சு, நின்னே போச்சு.

அதே 90கள்ல ஏ.ஆர். ரஹ்மான் ஆல்பங்களோட உறையில வாத்தியக் கலைஞர்கள் பேரெல்லாம் அச்சாக ஆரம்பிச்சது. கீத் பீட்டர்ஸ்ங்கிற பேரை நான் முதல்ல பார்த்தது அப்படித்தான். மோட்டவுன்ல கூட ஜேமர்சன் பேர் உறையில வந்தது 1971ல, மார்வின் கேயோட ஆல்பத்துலதான். அதுக்குள்ள அவர் வாசிச்ச எத்தனையோ பாட்டு ஹிட் ஆகியிருந்தது. பெரியப்பா வாசிச்ச கச்சேரிகளுக்கு உறையே கிடையாது. ஒரு நோட்டீஸ் இருக்கு. அதுல பாடகர் பேர், ஸ்பான்சர் ஜவுளிக்கடை பேர், பஞ்சாயத்துத் தலைவர் பேர்லாம் இருக்கு.

1991 தாராளமயம் வந்தவுடனே கடையெல்லாம் கிட்டார் தொங்கலை. நுகர்பொருள் இறக்குமதியில கடைசிக் கட்டுப்பாடு போனது 2001 ஏப்ரல் 1ல. இப்ப பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல யமஹாவே ஆலை போட்டு 2019லேர்ந்து கிட்டார் செய்யறாங்க. என் காம்போ 300 வாட், 13 கிலோ. போன்ல ஆர்டர் பண்ணேன், மூணு நாள்ல வந்தது. எனக்கு எது பிடிக்கும்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவேன். ஆனா பால் மெக்கார்ட்னியோட உலகப் புகழ் வயலின் வடிவ ஹோஃப்னர் இருக்கே, அதை அவர் 1961ல ஹாம்பர்க்ல வாங்கினது விலை குறைச்சலா இருந்ததாலதான். 30 பவுண்டு. ஃபெண்டர் வாங்கக் காசில்ல. 1972ல திருடு போச்சு, திரும்பக் கிடைச்ச சேதி 2024ல வெளிய வந்தது. அவருக்கும் கிடைச்சதுதான் பிடிச்சதாயிருக்கு போல.

அந்த ஞாயித்துக்கிழமை நான் என் பேஸையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். மணிபிளான்ட்டை இறக்கி, போர்வையை உருவி, பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் பிளைவுட்ல பென்சில்ல கணக்கு எழுதியிருந்தது: டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், கைப்பிடி, ஆணி. பயந்துக்கிட்டே பிளக் போட்டேன். ரெண்டு செகண்ட் ஒண்ணுமில்ல. அப்புறம் 'ம்ம்ம்'.

"ஜி," அப்படின்னார் பெரியப்பா, கண்ணை மூடிக்கிட்டே. "கொஞ்சம் தூக்கலா."

என் பேஸை வாங்கி மடியில வெச்சார். நரம்பு தட்டின வெரல், மூணாவது ஃபிரெட்ல நின்னுச்சு. காயலான் கடைக்காரர் வாசல்ல வந்து மணியடிச்சப்ப, பெரியம்மாதான் எழுந்து போய், "இன்னிக்கு பழைய பேப்பர் மட்டும்தான்பா," அப்படின்னாங்க.