கடாரத்தின் மீது இரண்டாம் தாக்குதல்

மலேசியாவின் கெடா என்றால் வரலாறு படித்த தமிழருக்கு ஒரு கடற்படையெடுப்பு நினைவுக்கு வரும். 1025 வாக்கில் இராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிக் கடாரத்தை (இன்றைய கெடாவை) வென்ற சேதி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டமும் நிலைத்துவிட்டது. அது தாக்கியவன் தன் ஊரில் வெட்டிவைத்த கல். கடாரத்தில் அன்று எத்தனை பேர் செத்தார்கள், எந்தத் தெரு எரிந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்லவும் அது வெட்டப்படவில்லை. ஒன்பது நூற்றாண்டு கழித்து, 1941இல், அதே மண் இன்னொரு கடற்போருக்குள் இழுக்கப்பட்டது. அதன் நினைவும் எழுதத் தெரிந்தவர், எழுத வசதியிருந்தவர் கைக்கே போய்விட்டது என்பது என் கட்சி.

போர் நடந்த கெடாவின் ஜித்ராவும் சுங்கைப் பட்டாணியும் கரையோரக் கோட்டைகள் இல்லையே, கடற்போர் என்பது எப்படி என்று கேட்கலாம். 1938இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் நிறுத்துவதற்குப் பெரிய கப்பற்படை இல்லை. வரும் எதிரியைக் கடலிலேயே விமானங்கள் மடக்கட்டும் என்றார்கள் பிரிட்டிஷார். விமானத்துக்கு வடக்கே ஓடுதளம் வேண்டும்; கெடாவில் அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் தளங்கள் எழுந்தன. தளத்துக்குக் காவல் வேண்டும். 11ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜித்ராவில் பதுங்குகுழி வெட்டியது அதற்காகத்தான். 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு துறைமுகத்துக்காகக் கெடாவின் வயலும் தோட்டமும் போர்முனையாயின. 1941 டிசம்பர் 8 அதிகாலையில், பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே, ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கத் தொடங்கியிருந்தனர். அன்றே கெடாவின் இரண்டு தளங்களும் தாக்கப்பட்டன. 10ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு போர்க்கப்பல்களும் மூழ்கி 840 பேர் மாண்டனர். 12ஆம் தேதி இரவு ஜித்ரா கைவிடப்பட்டது. காப்பாற்ற வந்த அலோர் ஸ்டார் தளமே எரிபொருளோடும் வெடிகுண்டோடும் எதிரிக்குக் கிடைத்தது; அங்கிருந்து எழும்பிய ஜப்பானிய விமானங்கள் தெற்கே போய்க் குண்டு போட்டன.

அந்த வாரத்தின் வீரக்கதை ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற விமானியுடையது. 9ஆம் தேதி பட்டர்வொர்த்தில் இவருடைய பிளென்ஹைம் விமானம் மேலெழுந்த நேரத்தில் ஜப்பானியர் தாக்கி, தரையில் நின்ற மற்றவற்றை முடக்கிவிட்டனர். இவர் தனியாகவே, சயாமில் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோராவுக்குப் பறந்து குண்டு வீசினார். திரும்பும் வழியில் படுகாயம் பட்டும் அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். உடன் வந்த இருவருக்கும் காயமில்லை. அவர் மருத்துவமனையில் இறந்தார். தைப்பிங் போர்க் கல்லறையில் அவருக்குக் கல் உண்டு. விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டதோ 1946இல், போர் ஓய்ந்து விவரம் வெளிவந்த பிறகு. ஜித்ராவில் விழுந்து கல்லறை தெரியாமல் போன சிப்பாய்களுக்கும் சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. இவையெல்லாம் நியாயமானவை. குறை, பட்டியல் அங்கேயே நின்றுவிட்டதில் இருக்கிறது.

தோட்டத் தமிழருக்கு அந்தத் தாக்குதல் நான்கு நாளில் முடியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்குச் சந்தை போய், அரிசி போய், மரவள்ளிக்கிழங்கே சோறானது. பிறகு ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். கூலி உண்டு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர் உண்டு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்து வளைத்துக்கொண்டு போனார்கள் என்று பிழைத்துவந்தவர்கள் சொன்னதும் உண்டு. மலாயாவிலிருந்து போனவர் 75,000க்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மேற்குக்கரைத் தோட்டங்களில் ஏற்றியவர்களைச் சுமந்த வண்டிகள் சுங்கைப் பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் வழியாகத்தான் எல்லையைத் தாண்டின. 1943 அக்டோபர் 17இல் 415 கிலோமீட்டர்ப் பாதை இணைந்தது; மறுநாள் கெடா மாநிலமே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது.

ரயில்பாதைக்குப் போனவர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள், போர்க்களத்தில் இல்லையே என்பது ஒரு ஆட்சேபம். அந்தப் பாதையோரக் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிடக்கும் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் பெரும்பாலும் அதே நோயிலும் பட்டினியிலும் செத்தவர்கள்தான்; அங்கே 6,982 கல்லறைகள் ஒழுங்காக இருக்கின்றன. பெயர் தெரியாதவர்க்கு எப்படிக் கல் நடுவது என்பது இதைவிடக் கனமான கேள்வி. 1945 செப்டம்பரில் பாதை நெடுகத் தேடிப்போன சிறு குழு 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. அது தேடியது நேச நாட்டுச் சிப்பாய்களை. அதே காட்டில் புதைந்த ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. தோட்டக் கணக்கரான கிராணி தினமும் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கூப்பிட்டார். சம்பளத்துக்கும் அரிசிக்கும் பெயர் எழுதப்பட்டவர்கள் இவர்கள். ஆகவே குறை, பெயர் இல்லாததல்ல, அது சேகரிக்கப்படாததே. கிழவர்களின் வாய்க்கதையை எப்படி நம்புவது என்பாரும் உண்டு. ஆண்டும் எண்ணிக்கையும் அதில் பிசகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கார்ஃபின் சாகசமும் விமானத்தில் உடனிருந்தவர்கள் பிழைத்ததால்தானே வெளியே தெரிந்தது?

காஞ்சனபுரியில் 1990இல் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. 2023இல் அவ்வூர் விகாரை ஒன்றில் தமிழருக்கென நடுகல் எழுப்பப்பட்டது. அது அவர்கள் செத்த இடம். ஏற்றப்பட்ட இடம் தோட்டத்து லயக் குடியிருப்பும் ரயில் நிலையமும். தோட்டங்கள் பல வீடமைப்பு மனைகளாகிவிட்டதால் லயம் இருந்த இடத்தில் கல் நடுவது நடக்காத காரியம் என்று வைத்துக்கொள்வோம். பாடாங் பெசாருக்குப் போகும் மின்ரயில் சுங்கைப் பட்டாணியிலும் குரூணிலும் அலோர் ஸ்டாரிலும் இன்றும் நின்றுதான் போகிறது. நடைமேடையில் ஒரு கல்லுக்கு இடம் இருக்கிறது.