டீஸ் தேர்வு

டீஸ் தேர்வு என்பது ஐக்கிய அமெரிக்காவில் செவிலியர் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் நுழைவுத் தேர்வுகளுள் ஒன்றாகும். ஏடிஐ என்னும் நிறுவனம் இதனை நடத்துகிறது. எல்லாக் கல்லூரிகளும் இதனைக் கோருவதில்லை. சில கல்லூரிகள் ஹெசி ஏ2 என்னும் வேறொரு தேர்வைக் கேட்கின்றன.

தேர்வு அமைப்பு

2022 இல் அறிமுகமான ஏழாம் பதிப்பில் 209 நிமிடங்களில் 170 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வாசிப்பில் 45, கணிதத்தில் 38, அறிவியலில் 50, ஆங்கில மொழிப் பயன்பாட்டில் 37 வினாக்கள் இடம்பெறும். இவற்றுள் 20 வினாக்கள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை; அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. அவை எவை என்பது மாணவருக்குத் தெரியாது என்பதால் எதையும் ஒதுக்க இயலாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே தெரியாத வினாவையும் வெறுமையாக விடாமல் ஊகித்து எழுதுவதே நன்று.

ஆயத்தம்

அறிவியலில் மதிப்பெண்ணுக்குரிய 44 வினாக்களுள் 18 மனித உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும் சார்ந்தவை. படிப்பதில் முதலிடம் இவற்றுக்கே உரியது. கணிதம் பள்ளி அளவினதே. பின்னம், விழுக்காடு, விகிதம், அலகு மாற்றம் முதலியன கேட்கப்படும். பின்னாளில் மருந்தளவைக் கணக்கிடவும் இவையே தேவை.

தேர்ச்சி

நாடு முழுமைக்கும் பொதுவான தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென வரம்பு வகுப்பதால், ஓரிடத்தில் போதுமான மதிப்பெண் மற்றோரிடத்தில் போதாமற் போகலாம். படிப்பு முடிந்தபின் செவிலியராகப் பணியாற்ற என்கிளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வைத் தனியே எழுத வேண்டும்.